மலை மேலே ஒரு ராத்திரிச் சாப்பாடு

ஊட்டி மலையின் அடிவாரத்திலேயே பிறந்து, அடிவாரத்திலேயே வாழ்க்கைப்பட்டு, நாற்பத்தேழு வயது வரை ஊட்டியில் ஒரு வேளை ராத்திரிச் சாப்பாடு சாப்பிட்டதில்லை என்று ஒருத்தி சொன்னால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகவேண்டும். அந்தப் பெருமைக்கு உரியவள் நான்தான்!

எங்கள் ஊர் மேட்டுப்பாளையம். மாடியில் துணி உலர்த்தப் போனால் எதிரே மலைதான். காலை ஏழு மணி தாண்டியதும் மலை ரயில் ஊதிக்கொண்டு கிளம்பும். 1899-இல் குன்னூர் வரைக்கும், 1908-இல் ஊட்டி வரைக்கும் போட்ட பாதை. சுவிட்சர்லாந்துக்காரர் ஒருவர் கண்டுபிடித்த பல்சக்கர முறையில் ஏறுகிறது. 2005-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. எங்கெங்கிருந்தோ வந்து ஏறிப் போகிறார்கள். எங்கள் தெருவில் அந்த ஊதல் கேட்டால் 'ஐயோ, நேரமாச்சே' என்று டிபன் டப்பாவை மூடுவோம். அவ்வளவுதான் எங்களுக்கும் அதற்கும் உள்ள உறவு!

ஈரோட்டில் இருக்கும் என் நாத்தனார் வருஷா வருஷம் மே மாசம் குடும்பத்தோடு ஊட்டிக்குப் போவாள். போகிற வழியில் எங்கள் வீட்டில் இறங்கிக் காபி குடித்துவிட்டு, மறக்காமல் ஒரு கேள்வி கேட்பாள்: "ஏனுங்க அண்ணி, ராத்திரிக்கு அங்க எங்க சாப்பிட்டா நல்லாருக்கும்?"

நான் என்னத்தைச் சொல்வேன்? மத்தியானம் எங்கே உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரிக்கலாம், எந்த இடத்தில் குரங்கு வந்து பிடுங்கும் என்று கேட்டால் சொல்வேன். ராத்திரி அங்கே இருந்தால்தானே ராத்திரிச் சாப்பாட்டைப் பற்றித் தெரியும்? காலையில் ஏறுவோம், பொழுதோட இறங்கிவிடுவோம். ஐம்பது கிலோமீட்டர் தூரத்துக்கு ரூம் எடுப்பார்களா என்பது என் மாமியாரின் கட்சி. பனி மூடினால் ரோடு தெரியாது, 14 கொண்டை ஊசி வளைவு, கல்லாறு பக்கம் யானை குறுக்கே வந்து நிற்கும் என்று அவர் அடுக்கும் காரணங்களும் பொய்யில்லை. ஆனால் பெரிய காரணம் இதெல்லாம் இல்லை. "வெளிச் சாப்பாடு ஆகாது!" அதுதான்.

என் பிறந்த வீட்டிலும் இதே கதைதான். எனக்கு ஒன்பது வயதிருக்கும், 1985 என்று நினைவு. அப்பா எங்களை ஊட்டிக்குக் கூட்டிப் போனார். பொட்டானிக்கல் கார்டன் புல்வெளியில் புளிச்சாதமும் தயிர்ச்சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் தின்றோம். தயிர்ச்சாதம் ஐஸ் மாதிரி இருந்தது. அம்மாவுக்கு அந்தத் தடவை மனசு கேட்கவில்லை. அடுத்த முறை, ஊட்டியில் வாடகைக்கு இருந்த பெரியப்பா வீட்டில் அம்மாவே பம்பு ஸ்டவ்வைப் பற்றவைத்துச் சாம்பார் வைக்கிறேன் என்று இறங்கினாள். தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, பருப்பு மட்டும் வேகக் காணோம். மணிக்கணக்காக வெந்தும் பல்லில் கல்லாகத் தட்டுப்பட்டது. 'பருப்புக்காரன் ஏமாத்திட்டான்' என்று அம்மா ஊர் வந்து சேரும்வரை திட்டிக்கொண்டே வந்தாள்.

பாவம் அந்தக் கடைக்காரர்! அவர் மேல் தப்பே இல்லை என்பது எனக்குப் பின்னாளில் என் மகள் படித்த பாடப் புத்தகத்தைப் புரட்டும்போதுதான் தெரிந்தது. உயரம் ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறைகிறது. அதனால் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும். நம் ஊரில் ஏறக்குறைய நூறு டிகிரியில் கொதிக்கிற தண்ணீர், 7,300 அடி உயரத்தில் இருக்கும் ஊட்டியில் 92, 93 டிகிரியிலேயே கொதிக்க ஆரம்பித்துவிடும். கொதிக்கிறதே என்று நாம் நினைப்போம், பருப்புக்கு அந்தச் சூடு போதாது. குக்கர் இல்லாமல் அங்கே துவரம்பருப்பு வேகவைக்கப் பார்ப்பவர்கள் அம்மா மாதிரிதான் அல்லாட வேண்டும். மலைக்குச் சமையல் சாமான் கொண்டு போகிறவர்கள் வேறு எதை மறந்தாலும் குக்கரை மறக்க வேண்டாம்.

கல்யாணமாகி வந்த பிறகு நானும் குக்கர் தூக்கினேன். எங்கள் குடும்பத்தார் எட்டுப் பேர் வேனில் போனால், என் மடியில் குக்கர், காலடியில் தூக்குப் போசி. விடியக்காலை மூன்று மணிக்கு எழுந்து எல்லோருக்கும் கட்டி எடுக்க வேண்டும். மேலே போய் எங்காவது நிழலில் எல்லோருக்கும் பரிமாறி, கழுவி, திரும்ப அடுக்கி, பொழுதோட இறங்கி வந்து ராத்திரிக்கு அரிசிம்பருப்பு வைக்க வேண்டும். 'எங்க பாத்தாலும் பச்சைப் பசேல்னு என்ன அழகு!' என்று எல்லோரும் சொல்லும்போது நான் போசி மூடி காணோமே என்று தேடிக்கொண்டிருப்பேன்.

2023 மே மாசம் எங்கள் கல்யாணத்துக்கு இருபத்தைந்து வருஷம். என்னவருக்கு உருளைக்கிழங்கு மண்டியில் கணக்கெழுதும் வேலை. மண்டியில் பழகினவர் ஒருவருக்கு ஊட்டி ஃபெர்ன்ஹில் பக்கம் வீடு இருந்தது. "ரெண்டு நாள் இருந்துட்டு வாங்க" என்று சாவியைக் கொடுத்தார். அதைக் கேட்டதும் எனக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ!

"ரெண்டு நாளும் நான் அடுப்புப் பத்தவெக்க மாட்டேனுங்க" என்றேன்.

என்னவர் ஒன்றும் சொல்லவில்லை. மாமியார்தான், "ஏங் கண்ணு, அப்பறம் என்னத்தத் திம்பீங்க?" என்றார்.

"ஹோட்டல்ல சாப்பிடுவோமுங் அத்தை."

"அவனுக்குச் சக்கர வியாதியாச்சே."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. என்னவருக்கு ஏழு வருஷமாகச் சர்க்கரை. காலையும் ராத்திரியும் மாத்திரை. வீட்டில் மணி ஏழரை ஆனால் மாத்திரை, எட்டுக்குள் தட்டு முன்னால் வந்துவிடும். ஏழு வருஷத்தில் அந்தக் கணக்கு ஒருநாள் தப்பினதில்லை. தப்பாமல் பார்த்துக்கொண்டதே நான்தான் என்பது அப்போது எனக்கே உறைக்கவில்லை. அவர் பாட்டுக்கு மாத்திரை சாப்பிடுகிறார், தட்டு பாட்டுக்கு வந்து நிற்கிறது என்று நாங்கள் இரண்டு பேருமே நினைத்துக்கொண்டிருந்தோம்.

நானும் அவரும், காலேஜ் படிக்கும் மகளும், பிளஸ் டூ முடித்த மகனும் புறப்பட்டோம். அந்த வருஷம் 125-ஆவது மலர்க் கண்காட்சி. ஜனம் என்றால் அப்படி ஒரு ஜனம்! சீசனில் குன்னூர் வழியாக ஏறிக் கோத்தகிரி வழியாக இறங்க வேண்டும் என்று ஒருவழிப் பாதையாக்கி விடுவார்கள். அப்படியும் வண்டி ஊர்ந்துதான் போயிற்று.

முதல் நாள் கார்டன் முழுக்க நடந்தோம். மேடும் பள்ளமுமாக மூன்று மணி நேரம். சாயங்காலம் ரூமுக்கு வந்து கொஞ்சம் படுத்தோம். மகள் போனில் பார்த்து, ஊரெல்லாம் பேர் சொல்கிற ஒரு ஹோட்டலைப் பிடித்து வைத்திருந்தாள். "அம்மா, இங்கதான் போறோம். உனக்கு இன்னிக்கு ராணி மாதிரி!" என்றாள். நான் பட்டுப்புடவை கட்டி, மேலே சால்வை போட்டுக்கொண்டேன். ஊட்டிக்கு நான் பட்டுக் கட்டிக்கொண்டு போனது அதுதான் முதல் தடவை. போசி தூக்கும்போது பட்டு எதற்கு?

என்னவர் மணியைப் பார்த்தார். ஏழரை. வழக்கப்படி மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தார். நானும்தான் பக்கத்தில் நின்று டம்ளரை வாங்கி வைத்தேன்.

ஃபெர்ன்ஹில்லில் இருந்து சேரிங் கிராஸ் மூன்று கிலோமீட்டர் இருக்கும். எட்டுக்குள் போய்விடலாம் என்று நினைத்தோம். நெரிசலில் எட்டேகால் ஆயிற்று. ஹோட்டல் வாசலில் பார்த்தால் கல்யாண வீட்டுப் பந்திக்கு நிற்கிற மாதிரி கூட்டம். பேரை எழுதிக் கொடுத்துவிட்டு நிற்கச் சொன்னார்கள். அரை மணி நேரம் என்றார்கள். அரை மணி கழித்துக் கேட்டால் இன்னும் அரை மணி என்றார்கள்.

இதற்குள் என்னவர் எரிந்து விழ ஆரம்பித்தார். "உன்னால வந்தது! ரூம்லயே ரெண்டு தோசை ஊத்தியிருந்தா முடிஞ்சிருக்கும்" என்றார், நாலு பேர் பார்க்க. எனக்குச் சுரீரென்றது. இருபத்தைந்து வருஷத்தில் இரண்டே நாள் கேட்டேன், அதற்கு இந்தப் பேச்சா? "உங்களுக்கென்னங்க, தட்டு முன்னாடி வந்து உக்காந்து பழகினவரு" என்று நானும் சொல்லிவிட்டேன். மகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். மகன் அக்கட்டாலே நகர்ந்து போய் நின்றுகொண்டான்.

அவர் மேலும் ஏதோ சொன்னார். வார்த்தை குழறிற்று. 'மண்டியில லோடு எறக்கியாச்சா?' என்று என்னைக் கேட்டார்! கோபத்தில் கிண்டல் செய்கிறார் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திருப்பினவள் எதற்கோ மறுபடி பார்த்தேன். கடை விளக்கு வெளிச்சத்தில் அவர் நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. சுற்றி இருக்கிறவர்கள் எல்லாம் குல்லாயும் ஸ்வெட்டருமாகக் கையைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறார்கள், இவருக்கு மட்டும் வியர்க்கிறது! கையைப் பிடித்தேன். ஜில்லென்று ஈரமாக, நடுங்கிக்கொண்டிருந்தது.

சர்க்கரை இறங்கிவிட்டது என்று என் வயிற்றில் யாரோ சொன்ன மாதிரி இருந்தது. பையில் மத்தியானம் வாங்கின சாக்லேட் இருந்தது. ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டேன். மென்றார், ஆனால் தெளிவு வரவில்லை. எதிரே சரிவில் சின்னதாக ஒரு டீக்கடை. நானும் மகனுமாகக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்ப் பெஞ்சில் உட்கார வைத்தோம்.

"ஏனுங்ணா, கொஞ்சம் சக்கரை குடுங்ணா, சீக்கிரம்!" என்றேன்.

கடைக்காரர் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் மூன்று ஸ்பூன் சர்க்கரையை மளமளவென்று கலக்கிக் கொடுத்தார். குடித்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். எந்தச் சாமியை வேண்டினேன், எத்தனை சாமியை வேண்டினேன் என்று கேட்காதீர்கள். வனபத்ரகாளியம்மனுக்கு அன்று வேண்டினதை இன்னும் தீர்த்துக்கொண்டிருக்கிறேன். கால் மணி நேரத்தில் நடுக்கம் நின்றது. கண்ணில் ஆள் தெரிந்தது. "என்ன, பேரு கூப்பிட்டாங்களா?" என்று கேட்டார். வாசலில் நடந்தது எதுவும் அவருக்கு நினைவில்லை. என்னைத் திட்டினதும் நினைவில்லை!

"எங்க அண்ணனுக்கும் இருக்குதும்மா. இப்ப வயித்துக்கு ஏதாவது திங்கணும், இல்லாட்டி மறுபடி எறங்கிடும்" என்றார் கடைக்காரர். வர்க்கியும் பன்னும்தான் இருந்தது. வர்க்கி ஒன்றைக் கொடுத்தோம். உள்ளேயிருந்து அவர் வீட்டம்மா எட்டிப் பார்த்து, "சோறு இருக்கு, போடட்டுமா?" என்றார். படுகர் குடும்பம். கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் தங்களுக்கென்று வைத்திருந்த சோறு. அவரைக்கொட்டையும் உருளைக்கிழங்கும் போட்டு, அவர்கள் வீட்டு மசாலாத்தூளில் வைத்த குழம்பு. 'அவரெ உதக்க' என்று பேர் சொன்னார். ஆவி பறக்க ஊற்றினார்.

எங்கள் நாலு பேருக்கும் அந்தப் பாதிச் சட்டிச் சோறு போதவில்லை, அவர் மறுபடி உலை வைக்கப் போனார். வேண்டாம் என்று தடுத்து, பன்னைக் குழம்பில் தொட்டுச் சாப்பிட்டோம். பட்டுப்புடவையோடு ஸ்டூலில் உட்கார்ந்து! என்னவர் உருளைக்கிழங்கு ஒன்றை எடுத்துப் பார்த்து, "இது நம்ம மண்டிக்கு வராத கிழங்கு. நேரா சட்டிக்கு வந்திருக்குது" என்றார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. புகை கண்ணில் பட்டதென்று சொன்னேன்.

கடைக்காரர் சோற்றுக்குக் கணக்காகக் காசு வாங்கிக்கொண்டார். சர்க்கரைத் தண்ணீருக்கு வாங்கவில்லை. இலவசமாகச் சோறு போட்டிருந்தால் எனக்குச் சங்கடமாக இருந்திருக்கும். காசு வாங்கினதில் ஒரு மரியாதை இருந்தது.

விடிந்ததும் ஊரில் எங்கள் டாக்டருக்குப் போன் போட்டேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், உங்களில் யாருக்காவது உதவும். சர்க்கரை மாத்திரைகளில் சில, சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். இன்சுலினும் அப்படித்தான். அன்று பகல் முழுக்க ஏற்றத்தில் நடந்ததில் ஏற்கெனவே கொஞ்சம் செலவாகியிருக்கிறது. அதன் மேல் மாத்திரையைப் போட்டு ஒன்றரை மணி நேரம் வெறும் வயிற்றோடு நின்றால் இறங்காமல் என்ன செய்யும்? காரணமில்லாத கோபம், குழறல், நடுக்கம், வியர்வை இதெல்லாம் அதன் அடையாளம். கோபத்தை மட்டும் பார்த்துச் சண்டைக்குப் போகிறவர்கள் என் மாதிரி அசடுகள்! சாக்லேட்டில் கொழுப்பு கலந்திருப்பதால் அந்தச் சர்க்கரை ரத்தத்தில் சேர நேரம் பிடிக்குமாம். சர்க்கரைத் தண்ணீர், குளுக்கோஸ், பழச்சாறு இவைதான் உடனே வேலை செய்யும். மூன்று ஸ்பூன் சர்க்கரை, பதினைந்து கிராம் அளவு. கால் மணியில் தெளியாவிட்டால் மறுபடி அதே அளவு. தெளிந்ததும் கட்டாயம் சாப்பாடு. நினைவே இல்லாமல் விழுந்துவிட்டவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும், உடனே ஆஸ்பத்திரிதான். எந்த மாத்திரையை எப்போது போடுவது என்பதை அவரவர் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எங்களுக்குச் சொன்னது, "தட்டு மேஜைக்கு வந்த பிறகு மாத்திரை. வெளியூரில் அதுதான் சட்டம்."

அன்று மத்தியானம் என்னவர், "கெளம்பலாமா, ஊருக்கே போயிரலாம்" என்றார். நானும் சரியென்று பெட்டியை மூடப்போனேன். 'உன்னாலதான்' என்று அவர் சொன்னது அவருக்கு மறந்துவிட்டது, எனக்கு மறக்கவில்லையே! நான் ஆசைப்பட்டதால்தான் இப்படி ஆயிற்று, மாமியார் சொன்னது பலித்துவிட்டது என்றே தோன்றியது. மகள்தான் ஒரு வார்த்தை கேட்டாள். "ஹோட்டல் சாப்பாடா அப்பாவை விழ வெச்சது? சாப்பாடு கிடைக்காததுதானே?" பெட்டியை மறுபடி திறந்தேன்.

சாயங்காலம் ஆறரைக்கே ஆட்டோ பிடித்துச் சேரிங் கிராசில் நாஹர் ஹோட்டலுக்குப் போனோம். சைவம். ஏழு மணிக்கெல்லாம் இடம் கிடைத்தது, கூட்டம் வருவதற்கு முன்னால். தட்டு வந்தது, மாத்திரை போட்டார், உடனே சூப்பு வந்தது. பிறகு சப்பாத்தியும் காய்கறிக் குருமாவும்.

வாசகிகளே, ஒன்று சொன்னால் சிரிக்காதீர்கள். சப்பாத்தி சூடாக வந்தது. ஒன்றைத் தின்று முடிப்பதற்குள் இன்னொன்று சூடாக வந்தது. வீட்டில் நான் சுடுகிற சப்பாத்தியில் சூடானதெல்லாம் மற்றவர்களுக்குப் போய், கடைசியில் டப்பாவின் அடியில் வேர்த்துப்போய்க் கிடக்கும் இரண்டுதான் எனக்கு. அதுதான் சப்பாத்தியின் ருசி என்றே நினைத்திருந்தேன்! நாலு தின்றேன். என்னவர் பார்த்துக்கொண்டே இருந்தார். "நல்லா சாப்பிடறியே" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, ஆச்சரியமாகத்தான் சொன்னார். நான் சாப்பிடுவதை அவர் அதற்கு முன் பார்த்திருக்க நியாயமில்லை. நான் உட்காரும்போது அவர் நியூஸ் பார்க்கப் போயிருப்பார்.

அதற்குப் பிறகு நாங்கள் மூன்று தடவை போய் ராத்தங்கி வந்துவிட்டோம். இப்போது நாத்தனாருக்கு என்னிடம் பதில் இருக்கிறது. ஊட்டியில் சைனாக்காரச் சாப்பாடு வேண்டுமென்றால் கமிஷனர்ஸ் ரோட்டில் 'ஷின்கோஸ்' இருக்கிறது, 1954-இலிருந்து நடக்கிறதாம். மகனும் மகளும் அங்கே போனால் கிளம்ப மாட்டார்கள். எனக்கு அங்கே சூப்பு பிடித்தது, நூடுல்ஸை முள்கரண்டியில் சுற்றத்தான் வரவில்லை. பழைய பங்களாவில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சாப்பாடு போடும் இடங்களும் உண்டு. பில்லைப் பார்த்தால் வெளிச்சம் இன்னும் குறைவாகவே இருந்திருக்கலாம் என்று தோன்றும்! குன்னூரில் தங்கினால் பஸ் ஸ்டாண்டு பக்கம் மெஸ்களில் ராத்திரி தோசை, பரோட்டா கிடைக்கும். கோத்தகிரி இன்னும் சீக்கிரம் தூங்கிவிடும் ஊர். அங்கே தங்குகிறவர்கள் வீட்டுக்காரரிடமே மத்தியானமே சொல்லி வைத்துவிடுவது நல்லது.

பொதுவாகவே மலையில் ராத்திரி எட்டரை ஒன்பதுக்கு மேல் சின்ன ஹோட்டல்களில் ஷட்டர் பாதி இறங்கிவிடுகிறது. கோயமுத்தூர் மாதிரி பத்து மணிக்கு ஆற அமரப் போகலாம் என்று இருந்தால் பன்தான். நடந்து போகிற தூரத்தில் எது இருக்கிறது என்பதை ரூமுக்குள் நுழையும்போதே கேட்டு வைத்துக்கொள்கிறேன். ரேட்டிங் எல்லாம் அப்புறம். தயிர், தேங்காய்ச் சட்னி இவற்றை ராத்திரியில் தொடுவதில்லை. கெடுதல் என்று அல்ல, அந்தக் குளிரில் தொண்டைக்குள் இறங்கும்போது பனிக்கட்டியாக இருக்கிறது. எண்ணெய் மிதக்கிற குருமா தட்டில் விழுந்த இரண்டாம் நிமிஷம் உறைகிறது. ரசம், சூப்பு, தோசை, சப்பாத்தி என்று சுடச்சுட ஒவ்வொன்றாக வரக்கூடியதைக் கேட்டு வாங்குங்கள். குடிக்க வெந்நீர் கேட்டால் எங்கும் தருகிறார்கள். பிளாஸ்டிக் பாட்டில் நீலகிரிக்குள் ஆகாது என்பதால் எவர்சில்வர் பாட்டில் எப்படியும் கையில் இருக்கும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு அந்தப் பனியில் வளைவு வளைவாக இறங்க நினைக்காதீர்கள், மாமியார் சொன்ன அந்த ஒன்று சத்தியமான பேச்சு.

2024 மே மாசம் 7-ஆம் தேதியிலிருந்து நீலகிரிக்கு வருகிற வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும் என்று உயர் நீதிமன்ற உத்தரவில் கொண்டு வந்தார்கள். அடிவாரத்துக்காரர்கள் என்றாலும் எங்களுக்குச் சலுகை கிடையாது. மகள்தான் போனில் எடுத்துத் தருகிறாள். பாஸ் கையில் வந்ததும் என்னவர் செய்கிற முதல் வேலை, சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் குளுக்கோஸ் பொட்டலம் ஒன்றைச் செருகுவது. என் கைப்பையில் இன்னொன்று. மகன் பையிலும் ஒன்று.

போன தடவை அந்த டீக்கடைக்கும் போனோம். வீட்டம்மாவிடம் உதக்க வைக்கிற விதத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்து வீட்டில் வைத்துப் பார்த்தேன். ருசியாகத்தான் இருந்தது, அந்த ருசி வரவில்லை. மாமியாருக்கு ஒரு கிண்ணத்தில் கொடுத்தேன். எழுபத்தெட்டு வயசு அவருக்கு. இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"ஏங் கண்ணு, அந்தச் சப்பாத்திக் கடையில மாடிப்படி ஏறோணுமா?" என்று கேட்டார்.